குதிரைக்கு இன்சூரன்ஸ்: பிரீமியத்தைக் கடைசியில் பாருங்கள்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் காயல் பெரிய துறைமுகமாக இருந்தது. பாண்டியர்களுக்கு வேண்டிய குதிரைகள் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து அங்கே வந்து இறங்கின. இந்த வணிகத்துக்கு இருந்த ஒப்பந்தத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதிவைத்திருக்கிறார். கிஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் வர வேண்டும், ஒன்றின் விலை 220 செம்பொன் தினார். கடலில் வரும்போது ஒரு குதிரை அடிபட்டாலோ செத்துப்போனாலோ அதன் விலையையும் பாண்டியர் கருவூலமே கொடுத்துவிடும். நம் சீமையில் குதிரை இன்சூரன்ஸ் என்று எதையாவது சொல்லலாம் என்றால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

செத்த குதிரைக்கும் காசு உறுதி என்றால், கப்பலில் வருவதைப் பேணிக் கொண்டுவர வணிகருக்கு என்ன அக்கறை இருக்கும்? அதே காலத்தில் இங்கே வந்துபோன மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார். குதிரை விற்பவர்கள் லாடக்காரர்களைக் கூட்டி வருவதில்லை, யாரையும் வரவிடுவதும் இல்லையாம். இங்கே குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்!

இன்றைய பாலிசியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும் நிபந்தனைகள் எல்லாம் இந்தச் சிக்கலைச் சுற்றி எழுந்தவைதான். செத்தது எந்தக் குதிரை, என்ன வேலையில் இருந்தது, உண்மையான விலை என்ன, யாருடைய கவனக்குறைவு? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைத்திருப்பவருக்குக் கிளைம் கிடைக்கும். பிரீமியம் நூறு ரூபாய் கூடுதலா குறைவா என்பதெல்லாம் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியது.

பாலிசி எதற்குப் பணம் தரும்?

குதிரை பாலிசி கால்நடைக் காப்பீட்டு வகையைச் சேர்ந்தது. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல் என்ற நான்கு பொதுத்துறை நிறுவனங்களில் முதலில் விசாரியுங்கள். கிளையில் போய்க் கேட்டால் மாட்டுப் படிவத்தை எடுத்துக் கொடுத்துவிடுவது உண்டு. அங்கே தினமும் நடப்பது மாட்டு இன்சூரன்ஸ்தான். “குதிரை, மட்டக்குதிரை, கோவேறு கழுதைக்கு உள்ள பாலிசி” என்று சொல்லிக் கேளுங்கள். மாட்டுப் படிவத்தில் ‘மாடு’ என்பதை அடித்துக் ‘குதிரை’ என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

அடிப்படைப் பாலிசி தருவது சாவுக்கான இழப்பீடு. விபத்து, தீ, இடி மின்னல், வெள்ளம், புயல், கலவரம் இவற்றால் வரும் சாவு, பாலிசிக் காலத்தில் பிடித்த நோயால் வரும் சாவு, அறுவை சிகிச்சையின்போது வரும் சாவு, இவ்வளவும் பொதுவாக அதில் அடங்கும். விபத்துக்கு முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு. நோய்க்கு அப்படி இல்லை. பாலிசி தொடங்கி முதல் 15 நாளுக்குள் பிடித்த நோயால் குதிரை செத்தால் பணம் கிடையாது என்பது வழக்கமான நிபந்தனை. நோயில் கிடக்கும் குதிரைக்கு அவசரமாக பாலிசி எடுப்பதைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது.

கூடுதல் பிரீமியம் கட்டினால் நிரந்தர முழு ஊனத்தையும் சேர்க்கலாம். குதிரை உயிரோடு இருக்கிறது, ஆனால் பாலிசியில் எழுதிய வேலைக்கு இனி உதவாது என்று கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுக்கும் நிலை அது. இதற்குக் காப்புத்தொகை முழுவதும் கிடைக்காது. அதில் 75 விழுக்காடு வரை என்று எல்லை வைத்திருப்பது வழக்கம். நாலு மாதம் நொண்டிவிட்டுத் தேறி வருவதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. வண்டி இழுக்கும் குதிரைக்கும் சவாரிக் குதிரைக்கும் இந்தச் சேர்ப்பு கட்டாயம் வேண்டும் என்பது எங்கள் கருத்து. குதிரைக்குக் கால்தான் முதல். அது போன பிறகும் தீனிச் செலவு நிற்காது.

மருத்துவச் செலவு பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்து, அமெரிக்காவில் எழுதப்பட்ட விளக்கங்களைப் படித்துவிட்டு வயிற்று ஆபரேஷனுக்கும் எக்ஸ்ரேக்கும் பணம் வரும் என்று நம்பி வருபவர்கள் இருக்கிறார்கள். அங்கே அதற்குத் தனிப் பிரிவு உண்டு. நம் ஊரில் கிடைக்கும் வழக்கமான கால்நடை பாலிசியில் அது கிடையாது. மருந்துச் செலவுக்கு மாதாமாதம் தனியாக ஒரு தொகையைப் போட்டு வைப்பதுதான் வழி.

திருட்டும் காணாமல் போவதும் வழக்கமாகக் காப்புக்கு வெளியே. விமானம், கப்பல் பயணமும் அப்படியே. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோயும் சேராது.

எந்தக் குதிரை?

மாட்டுக்குக் காதில் 12 இலக்க மஞ்சள் வில்லை இருக்கும், அதோடு அடையாளம் முடிந்தது. குதிரைக்கு அப்படிக் காதில் குத்துவது வழக்கமில்லை. அதனால் கிளைமில் முதலில் எழும் சந்தேகம் இங்கேதான். செத்தது பாலிசி போட்ட குதிரையா, அதே நிறத்தில் பக்கத்து லாயத்தில் நின்றதா?

இதற்கு உறுதியான வழி மைக்ரோசிப். அரிசி மணியளவு இருக்கும் கண்ணாடிக் குப்பிக்குள் 15 இலக்க எண் இருக்கும். கழுத்தின் இடப்பக்கம், உச்சந்தலைக்கும் முதுகுத் திமிலுக்கும் நடுவில், பிடரிமயிருக்குச் சற்றுக் கீழே உள்ள தசைநாரில் ஊசி வழியாக மருத்துவர் அதை வைப்பார். வைத்த உடனே ரீடரைக் காட்டி எண் வருகிறதா என்று பாருங்கள். அந்த எண் பாலிசியில் இலக்கம் பிசகாமல் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். 15 இலக்கத்தில் ஒன்று தப்பினாலும் கிளைம் நேரத்தில் அது இன்னொரு குதிரைதான்.

சிப் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அடையாளக் குறிப்பு கட்டாயம். நிறம், நெற்றிப் பொட்டு, மூக்குவரை இறங்கும் வெள்ளைக் கோடு, எந்தெந்தக் காலில் வெள்ளை எதுவரை, சூட்டுத் தழும்பு, அப்புறம் சுழிகள். நம் ஆட்கள் சுழி பார்த்துத்தான் குதிரை பிடிப்பார்கள். எந்தச் சுழி குடிகெடுக்கும், எது யோகம் என்று ஆளுக்கு ஒரு கணக்கு. இன்சூரன்ஸுக்கு யோகம் தேவையில்லை. ஆனால் நெற்றியிலும் கழுத்திலும் மார்பிலும் சுழி விழும் இடம் குதிரைக்குக் குதிரை வேறுபடும், ஆயுள் முழுக்க மாறாது. மனிதருக்குக் கைரேகை மாதிரி. உலகம் முழுவதும் குதிரை அடையாளப் படிவத்தில் சுழியைக் குறிக்கிறார்கள். இருபுறமும், முன்னும் பின்னும், நெற்றிச் சுழி அருகிலிருந்து ஒன்றும் என்று ஐந்து படமாவது எடுத்து, ஒரு படத்தில் நீங்களும் கயிற்றைப் பிடித்து நில்லுங்கள்.

வெள்ளைக் குதிரைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் வெள்ளை என்று சொல்பவற்றில் பல, பிறக்கும்போது கருத்தோ சிவந்தோ இருந்து ஆண்டுக்காண்டு வெளுத்து வருபவை. மூன்று வயதில் எடுத்த படத்தில் சாம்பலாக நிற்பது எட்டு வயதில் பால் வெள்ளையாக இருக்கும். பழைய படத்தை வைத்துக்கொண்டு, நட்டத்தைப் பார்க்க நிறுவனம் அனுப்பும் சர்வேயரிடம் வாதாடிப் பயனில்லை. புதுப்பிக்கும்போதெல்லாம் புதுப் படம் கொடுங்கள்.

வயதும் அடையாளத்தோடு சேர்ந்ததுதான். பாலிசி தரும் வயது வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தையில் “பல்லு இன்னும் சேரல அண்ணாச்சி, நாலு வயசுதான்” என்று தரகர் சொல்வதைப் படிவத்தில் அப்படியே எழுதிவிடக் கூடாது. முன்பற்களில் நடுச் சோடி ஏறத்தாழ இரண்டரை வயதிலும், அடுத்த சோடி மூன்றரையிலும், ஓரச் சோடி நாலரையிலும் விழுந்து முளைக்கும். ஐந்தில் வாய் நிறைந்துவிடும். மேல் தாடை ஓரப் பல்லில் ஈறிலிருந்து ஒரு பழுப்புக் கோடு இறங்கத் தொடங்கியிருந்தால் பத்து வயதை ஒட்டிவிட்டது, பாதிப் பல் வரை வந்திருந்தால் பதினைந்து. செத்த குதிரையின் வாயையும் மருத்துவர் திறந்து பார்ப்பார் என்பதை நினைவில் வையுங்கள்.

என்ன வேலை?

பாலிசியில் ‘பயன்பாடு’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதிய வேலைக்கு வெளியே குதிரையைப் பயன்படுத்தும்போது நடந்ததற்குப் பொறுப்பில்லை என்று நிறுவனம் சொல்லலாம். நெல்லை, தூத்துக்குடி பக்கத்தில் ஒரே குதிரை மாசம் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் போகும், கொடை விழாவுக்குப் போகும், ரேக்ளா பந்தயத்திலும் ஓடும். மூன்றையும் எழுத வேண்டும்.

பந்தயத்தைச் சொன்னால் பிரீமியம் கூடும், சில இடத்தில் பாலிசியே தரமாட்டார்கள். அதனால்தான் “சவாரின்னு மட்டும் போட்டுக்கிடுவோம் அண்ணாச்சி” என்று சில ஏஜென்டுகள் சொல்வது. கேட்காதீர்கள். பந்தயத்தில் வண்டி கவிழ்ந்து குதிரை செத்தால் அதற்கு ஊரே சாட்சி. போதாக்குறைக்கு இப்போது ஒவ்வொரு பந்தயமும் யூடியூபில் குதிரைக்காரர் பெயரோடு கிடக்கிறது. மறைத்தது தெரிந்தால், பந்தயத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் வயிற்றுவலியில் செத்த குதிரையின் கிளைமையும் சேர்த்து மறுக்க நிறுவனத்துக்குப் பிடி கிடைத்துவிடும். பந்தயத்துக்குக் காப்பு தர முடியாது என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் நல்லதே. பந்தய நாளின் நட்டம் உங்கள் தலையில் என்று தெரிந்தே ஓட்டலாம்.

குதிரையால் பிறருக்கு வரும் அடி வேறு விஷயம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் சரவெடிக்கு மிரண்டு யாரையாவது உதைத்தால் குதிரை பாலிசி அந்த ஆளின் ஆஸ்பத்திரிச் செலவைத் தராது. வாடகைக்கு விடுபவர்கள் பொதுமக்கள் பொறுப்புக் காப்பீடு என்று தனியாகக் கேட்க வேண்டும். குதிரை வண்டி மோட்டார் வாகனம் அல்ல, அதனால் வண்டி இன்சூரன்ஸ் என்ற பேச்சுக்கும் இடமில்லை. ஆனால் ஒரு கார் வந்து உங்கள் குதிரையை மோதினால் அந்தக் காரின் மூன்றாம் நபர் காப்பீட்டில் நீங்கள் கேட்கலாம். சொத்துச் சேதத்துக்குக் காருக்கு 7.5 லட்சம் வரையும், இரு சக்கர வாகனத்துக்கு 1 லட்சம் வரையும் அதில் இடம் உண்டு. அன்றே காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்க வேண்டும்.

எவ்வளவு தொகைக்கு?

மருத்துவர் தரும் மதிப்புச் சான்றில் உள்ள சந்தை விலைதான் காப்புத்தொகை. அதற்கு மேலே போட்டால் லாபம் என்று நினைப்பவர்கள், பாலிசியில் உள்ள “காப்புத்தொகை அல்லது சாவுக்கு முன்பிருந்த சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அது” என்ற வரியைப் படிக்க வேண்டும். கணக்குப் புரிய, பிரீமியம் 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 1,00,000 பெறும் குதிரைக்கு 1,50,000 போட்டால் 5,000 கட்ட வேண்டிய இடத்தில் 7,500 கட்டுகிறீர்கள், ஜிஎஸ்டி தனி. செத்தால் கிடைக்கப்போவது அதே 1,00,000. குறைத்து 60,000 போட்டால் 2,000 மிச்சம், நட்டம் 40,000.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கி வருபவர்கள் வாங்கிய சீட்டை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள், மதிப்புக்கு அது ஆதாரம். அங்கிருந்து நெல்லைக்கு 350 கிலோமீட்டருக்கு மேல். லாரியில் சறுக்கி விழுவதும், தண்ணீர் காட்டாமல் வருவதால் வயிற்றுவலி வருவதும் அந்த ஒரு ராத்திரியில்தான். வழிப்பயணக் காப்பு வேண்டுமென்றால் ஏற்றும் முன்பே பேசியிருக்க வேண்டும். பயணத்துக்குத் தகுதி என்ற மருத்துவர் சான்றும் கையில் இருக்க வேண்டும், சட்டமும் அதைக் கேட்கிறது.

மானியத் திட்டமும் உண்டு. மத்திய அரசின் தேசியக் கால்நடை இயக்கத்தில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை எல்லாம் காப்பீட்டுக்கு உரியவை. 2024 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி பிரீமியத்தில் வளர்ப்பவரின் பங்கு 15 விழுக்காடு, மீதி மத்திய, மாநில அரசுகளுடையது. உங்கள் ஊரில் அந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா, குதிரைக்கு எழுதுகிறார்களா என்று கால்நடை மருந்தகத்திலேயே கேட்டுவிடலாம்.

கவனக்குறைவு என்ற ஆயுதம்

மறுக்கப்படும் கிளைம்களில் அடிக்கடி வரும் சொற்கள் ‘கவனக்குறைவு’, ‘அளவுக்கு மீறிய பாரம்’, ‘தகுதியில்லாதவர் சிகிச்சை’. இவற்றை எதிர்கொள்ள ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

வயிற்றுவலியை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. சரியாக ஊறாத கொள்ளு, திடீரென்று மாற்றிய தீனி, மணலோடு மேய்ந்தது, சித்திரை வெயிலில் தண்ணீர் குறைந்தது என்று எதனால் வந்தாலும் உள்ளே போனது மேலே வராது. குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரம்தான். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, மண்ணைக் கிளறுவது, படுத்துப் புரளுவது, சாணம் போடாதது எல்லாம் அடையாளம். அப்போது கை வைத்தியமாக எதையாவது வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும், குதிரையும் போய்விடும், ‘தகுதியில்லாதவர் சிகிச்சை’ என்று கிளைமும் போகும். தீனியை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண் இருக்கிறது. நெல்லை பக்கத்தில் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள், யார் வந்தார், என்ன ஊசி போட்டார் என்று எழுதி வையுங்கள். கைப்பேசியின் அழைப்புப் பதிவைப் படம் பிடித்தும் வைக்கலாம்.

டெட்டனஸும் அப்படித்தான். வளர்ப்பு விலங்குகளில் குதிரையை அது எளிதில் பிடிக்கும். குளம்பில் ஏறிய ஒரு துருப்பிடித்த ஆணி போதும். நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. ஊசி போட்ட தேதியும் மருந்துக் குப்பியின் பேட்ச் எண்ணும் அட்டையில் ஏறியிருந்தால் கவனக்குறைவு என்று யாரும் வாய் திறக்க முடியாது.

கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் வேறு மாதிரி. மனிதருக்கும் பரவும், தடுப்பூசி இல்லை. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் நோயை உறுதி செய்தால், 2009-ம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி குதிரையைக் கொன்றுவிடுவார்கள். அரசு உத்தரவால் கொல்லப்படுவதற்கு உங்கள் பாலிசி என்ன சொல்கிறது என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். கால் முறிந்து தவிக்கும் குதிரையைக் கருணையால் கொல்வதற்கும் இதே கேள்வி உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல், நிறுவனத்துக்குச் சொல்லாமல் அதைச் செய்தால் ‘வேண்டுமென்றே கொன்றது’ ஆகிவிடும்.

குதிரை செத்த அன்று

முதலில் நிறுவனத்துக்குத் தகவல். போனில் சொன்னால் போதாது. மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ பாலிசி எண், சிப் எண், நேரம், இடம் எழுதி அனுப்பி, கிளைம் எண் வாங்குங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் தாமதிக்க வேண்டாம். அடுத்து மருத்துவர். நம் வெயிலில் உடல் சீக்கிரமே உப்பிவிடும். உள்ளுறுப்பு அழுகிய பிறகு அறுத்தால் “சாவுக்குக் காரணம் கண்டறிய முடியவில்லை” என்றுதான் எழுத முடியும். அந்த ஒரு வரி உங்களைப் பல மாதம் அலைய வைக்கும். அதனால் நிழலுக்கு இழுத்து, ஈரச் சாக்குப் போட்டு, வெளிச்சம் வந்ததும் போஸ்ட்மார்ட்டத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். சுழியும் வெள்ளைக் குறிகளும் தெரியப் படம் எடுங்கள். சிப்பின் எண் ரீடரில் தெரிய, குதிரையின் தலையோடு சேர்த்து ஒரு படம். சர்வேயர் பார்க்கும் முன், அல்லது ‘புதைக்கலாம்’ என்று அவர் எழுத்தில் சொல்லும் முன், குழி வெட்ட வேண்டாம். புதைக்கும்போது ஆறடிக்குக் குறையாத ஆழமும் சுண்ணாம்பும் வேண்டும்.

இதில் முக்கியமான விதிவிலக்கு அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ் நோய். நன்றாக நின்ற குதிரை திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த ரத்தம் வந்தால் அறுக்கவே கூடாது. அறுத்தால் கிருமி மண்ணில் பல்லாண்டு தங்கும், தொட்டவருக்கும் வரும். மருத்துவர் காதிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதிப்பார், அந்த அறிக்கையும் அவர் சான்றும் போஸ்ட்மார்ட்டத்தின் இடத்தில் நிற்கும்.

வெள்ளச் சாவு இன்னொரு சிக்கல். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி கரை புரண்டபோது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கட்டுத்தறியில் நின்ற கால்நடைகள் ஏராளமாகச் செத்தன. வெள்ளம் காப்புக்குள் வரும். ஆனால் உடல் அடித்துக்கொண்டு போய்விட்டால் அது சாவா, காணாமல் போனதா? பாலிசிக்கு இரண்டும் வேறு. உடல் எங்கே ஒதுங்கினாலும் சிப் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். கிடைக்காவிட்டால் கிராம நிர்வாக அலுவலர் சான்று, மருந்தகத்தின் சேதக் கணக்கில் உங்கள் பெயர், அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் இவற்றைத் தண்ணீர் வடிந்த வாரத்துக்குள் வாங்க வேண்டும். எச்சரிக்கை வந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டு மேட்டுக்கு ஓட்டுவது அதற்கு முந்திய வேலை.

கிளைம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மனு. ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

புதுப்பிக்கும் தேதியைத் தவற விட்டால் மறுபடி முதலிலிருந்து 15 நாள் காத்திருப்பு தொடங்கும், அதற்குள் வரும் நோய்க்குக் காப்பில்லை. குதிரை கைமாறினால் பாலிசி தானாகப் புது உரிமையாளருக்குப் போகாது. கடனில் வாங்கியிருந்தால் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும். லாயம் மாறினாலும் வேலை மாறினாலும் கிளையில் எழுதிக் கொடுத்து, அவர்கள் தரும் திருத்தச் சீட்டை வாங்கிப் பாலிசியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். நகல் ஒன்று லாயத்தில் தொங்கட்டும், ராத்திரி இரண்டு மணிக்கு பாலிசி எண்ணைத் தேடப்போவது பெரும்பாலும் குதிரைக்காரப் பையன்தான்.